ஒன்பது வோல்ட்டின் வரலாறு

மின்சாரக் கித்தார் வாசிக்கும் இளைஞர்களின் காலடியில் சிறு சிறு உலோகப் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதை நேயர்களிற் பலர் கண்டிருக்கலாம். அவற்றிற்குப் பெடல் என்று பெயர். வாசிப்பவர் காலால் ஒன்றை அழுத்தினால், அதுவரை தெளிந்த நீர்போல் ஒலித்துவந்த கித்தார் கரகரத்துச் சீறத் தொடங்கும். மற்றொன்றை அழுத்தினால் மலையடிவாரத்தில் நின்று கூவியதுபோல் எதிரொலிக்கும். கையளவேயான இப்பெட்டி உயிர் வாழ்வது 9 வோல்ட் மின்சாரத்தில்.

தலைநகரில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் எனக்குச் சங்கீதத்தில் பயிற்சியில்லை. மின்பொறியியலில் அதனினும் குறைவு. ஆயினும் இப்பெட்டியின் வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

என் தமக்கையின் மகன் தில்லியில் எங்களோடு தங்கிக் கல்லூரியில் படித்துவருகிறான். அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பயன்படுத்தி விற்ற பழைய பெடல் ஒன்றை வாங்கி வந்தான். ஒரு மாலை அதனுள்ளிருந்த பாட்டரி தீர்ந்துபோயிற்று. கடைக்குப் போகச் சோம்பி, வீட்டிலிருந்த வைஃபை பெட்டியின் அடாப்டரைக் கழற்றிப் பெடலின் துளையிற் செருகினான். துளையும் முனையும் இம்மியும் பிசகாமல் பொருந்தின. அடுத்த கணம் பெடல் ஊமையாயிற்று. "சரியாகத்தானே பொருந்தியது, மாமா!" என்று அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் நாள்தோறும் அனுபவித்தே அறிவோம். ஒரு சொல் வாக்கியத்தில் அழகாகப் பொருந்தி அமர்ந்துகொண்டு பொருளைத் தலைகீழாக்கிவிடும். ஆனால் மின்சாரத்தில் அது எவ்வாறு நேர்கிறது? ஒன்பது வோல்ட் என்னும் அளவு எங்கிருந்து வந்தது? எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்று விதித்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வழியில் நான் கண்ட வரலாற்றையே இங்குச் சொல்ல விழைகிறேன்.

இவ்வரலாறு தொடங்குவது ஒரு பழுதில். அமெரிக்க ஐக்கிய நாட்டின் டென்னஸி மாநிலத்தில் நாஷ்வில் என்னும் நகரம் கிராமியப் பாட்டிசைக்குப் பெயர் பெற்றது. அங்கே 1960-ஆம் ஆண்டில் மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் 'டோன்ட் வொர்ரி' என்ற பாட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதில் கிரேடி மார்ட்டின் என்பவர் தாழ்ந்த சுருதியுள்ள ஆறு கம்பிக் கித்தாரை வாசித்தார். அவருடைய வாத்தியத்தின் ஒலி சென்ற வழியில், ஒலிகளைக் கலக்கும் பலகையிலிருந்த டிரான்ஸ்பார்மர் ஒன்று பழுதுற்றது. விளைவாக, இனிமையாக வரவேண்டிய நாதம் கிழிந்த துணியைப்போல் சிதறி வந்தது. அதை அழித்துவிட்டு மீண்டும் பதிவு செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் பழுதோடேயே வெளியிட்டார்கள். 1961-இல் அப்பாட்டு பெரும் வெற்றி பெற்றது. அந்தக் கரகரப்பே அதன் அடையாளமாயிற்று.

ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி என்பவர். பழுதுபட்ட சாதனம் நாளடைவில் முற்றிலும் செயலற்றுப் போயிற்று. பிற கலைஞர்களோ அதே ஒலி வேண்டுமென்று கேட்கத் தொடங்கினர். தற்செயலாய்ப் பிறந்ததை வேண்டும்போது வரவழைக்க வழி என்ன என்று அவர் சிந்தித்தார். ரெவிஸ் ஹாப்ஸ் என்னும் மற்றொரு பொறியாளருடன் சேர்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் சிறு கருவியொன்றை அமைத்தார். கிப்ஸன் கம்பெனியார் அதை ஏற்று, 1962-இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

அக்கருவிக்குள் மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அவற்றுக்கு உணவு, ஒன்றரை வோல்ட் கலங்கள் இரண்டு; ஆக 3 வோல்ட். கைவிளக்கில் இடுகிற கலங்களின் வலிமைதான். இவ்வளவு சிறிய மின்னழுத்தம் எப்படிப் போதியதாயிற்று என்று கேட்கலாம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் விழித்தெழ ஏறத்தாழ கால் வோல்ட் போதும். பின்னாளில் வந்த ஸிலிக்கன் டிரான்சிஸ்டருக்கு 0.6 அல்லது 0.7 வோல்ட் வேண்டும். ஆகவே 3 வோல்ட்டிலும் ஜெர்மானியம் குறையின்றி உழைத்தது.

இங்கே ஓர் உண்மையை விளக்கிவிடுவது நலம். கித்தாரின் கம்பி அதிரும்போது, அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் அலைபோல் ஏறி இறங்கும் மெல்லிய மின்சாரம் தோன்றுகிறது. டிரான்சிஸ்டர் அந்த அலையைப் பெரிதாக்குகிறது. ஆனால் தனக்கு ஊட்டப்பட்ட மின்னழுத்தத்தைக் காட்டிலும் உயரமாக அதனால் அலையை எழுப்ப முடியாது. தாழ்ந்த கூரையுள்ள அறையில் நெடியவன் நிமிர முயன்றால் தலை இடிப்பதுபோல், அலையின் முகடு கூரையில் மோதித் தட்டையாகிவிடுகிறது. அவ்வாறு தட்டையான அலையே நம் செவியில் கரகரப்பாகக் கேட்கிறது. எனவே பாட்டரி என்பது இக்கருவிக்கு வெறும் தீனியன்று. அது கூரையின் உயரத்தை விதிப்பது. கூரையை மாற்றினால் குரலும் மாறுகிறது.

முதலாண்டில் வியாபாரிகள் ஃபஸ்-டோனை ஆர்வத்தோடு வாங்கி அடுக்கினார்களெனினும், பொதுமக்கள் அதைச் சீந்தவில்லை. அடுத்த ஆண்டுகளில் விற்பனை ஏறக்குறைய நின்றேவிட்டது. 1965-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'ஸாட்டிஸ்ஃபாக்ஷன்' என்னும் பாட்டு வெளிவந்தது. அதன் தொடக்கத்திலேயே கீத் ரிச்சர்ட்ஸ் இந்தக் கருவியின் மூலம் வாசித்த சில சுரங்கள் உலகெங்கும் ஒலித்தன. பரணில் கிடந்த பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. அவ்வாண்டு வந்த அடுத்த மாதிரியில் கம்பெனியார் மின்சாரத்தை இன்னும் சிக்கனமாக்கி, ஒன்றரை வோல்ட் கலம் ஒன்றே போதும்படி அமைத்தார்கள். கூரை மேலும் தாழ்ந்தது.

ஆனால் அதே 1965-இல், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் லண்டன் நகரில், ஒருவர் நேர்மாறான வழியிற் சென்றார். விக் ஃபிளிக் என்னும் கித்தார் வித்துவான் தம்மிடமிருந்த ஃபஸ்-டோனைக் கேரி ஹர்ஸ்ட் என்னும் இளம் பொறியாளரிடம் கொண்டுவந்தார். ஒலி தமக்குப் பிடித்தமே, ஆனால் ஒவ்வொரு சுரமும் எழுந்த வேகத்திலேயே மடிந்துவிடுகிறது, சற்று நேரம் நின்று ஒலிக்கச் செய்யமுடியுமா என்பது அவர் வேண்டுகோள். கம்பியின் அதிர்வு சற்றுத் தளர்ந்ததுமே குரல் அறுந்துபோவது அக்கருவியின் இயல்பு. ஹர்ஸ்ட் அதன் அமைப்பை ஆராய்ந்து, 3 வோல்ட்டுக்கு மாற்றாக 9 வோல்ட் பாட்டரியை ஏற்கும்படி திருத்தி அமைத்தார். சுரம் நின்று ஒலித்தது. அவ்வாறு பிறந்ததே 'டோன் பெண்டர்' என்னும் கருவி. இங்கிலாந்தில் இக்கருவிகளின் குலம் தழைத்தது இதிலிருந்துதான்.

பெடலுக்குச் செல்லும் மின்சாரத்தை மாற்றியமைப்பது இக்காலத்து இளைஞர்களின் பொழுதுபோக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். அஃது உண்மையன்று. ஹர்ஸ்ட் செய்ததும் அதுவே. ஆயினும் அவர் பாட்டரியை மட்டும் மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. கூரையை உயர்த்தினால் தூண்களையும் மாற்ற வேண்டும். டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் அமைதி நிலையில் எந்த அளவில் நிற்க வேண்டுமென்பதை மின்தடைகள் நிர்ணயிக்கின்றன. மின்னழுத்தம் மும்மடங்காகும்போது அவற்றையும் அதற்கிசையத் திருத்தியாக வேண்டும்.

இனி, அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். அது கித்தாருக்காகப் பிறந்ததன்று. நம் வானொலிக்காகப் பிறந்தது. 1954-இல் அமெரிக்காவில் வெளிவந்த ரீஜென்ஸி என்னும் முதல் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி இருபத்திரண்டரை வோல்ட் பாட்டரியில் இயங்கியது. டிரான்சிஸ்டர்கள் செம்மையுற்றபோது அத்துணை மின்னழுத்தம் தேவைப்படவில்லை. 1956-இல் எவரெடி கம்பெனியார், தலையில் இரண்டு பொத்தான்களைக் கொண்ட 9 வோல்ட் பாட்டரியை வெளியிட்டனர். ஒன்றரை வோல்ட் கலங்கள் ஆறு அதனுள் அடுக்கப்பட்டிருக்கும். சட்டைப்பையில் அடங்கும் வானொலிப் பெட்டிகள் பெருகப் பெருக, அப்பாட்டரி பெட்டிக்கடையிலும் கிடைக்கலாயிற்று. எங்கும் கிடைப்பதைக் கொண்டே எவரும் கருவி செய்வர். ஆகவே கித்தார்ப் பெடல்களும் அதனையே தேர்ந்தன. கிரிக்கெட் வருணனையும் செய்தியும் கேட்கத் தந்தையர் பயன்படுத்திய பாட்டரியே, மைந்தரின் கித்தாரையும் சீறச் செய்தது.

1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனியார் 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் பெடலை வெளியிட்டனர். மைக்கைத் தாங்கும் கம்பத்தின் வட்டமான அடித்தட்டைப் பார்த்து அதன் வடிவத்தை அமைத்ததாகக் கூறுவர். ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் என்னும் மாபெரும் கலைஞரின் காலடியில் இருந்து இப்பெட்டி புகழ் பெற்றது. அதற்குள் இரண்டே டிரான்சிஸ்டர்கள். நம் கதைக்கு முக்கியமானது அவற்றின் வகை. தொடக்கத்தில் அதில் அமைந்தவை, நேர் முனையைப் பொது முனையாகக் கொண்டு இயங்கும் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அதாவது, பாட்டரியின் நேர் முனை பெட்டியின் உலோக உடலோடு இணைந்திருந்தது.

ஜெர்மானியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வெப்பம் ஏறினால் அதனுள் மின்சாரம் தேவையின்றிக் கசியும். குளிர்ந்த அறையில் இனித்த பெடல் வெயிலில் வைத்தால் குரல் மாறிவிடும். தில்லியின் ஜனவரியையும் ஜூனையும் ஒருங்கே கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்னர் ஸிலிக்கன் வந்தது. அது வெப்பத்தைத் தாங்கியது. அதனோடு, எதிர் முனையைப் பொது முனையாகக் கொள்ளும் அமைப்பும் வழக்கத்துக்கு வந்தது. இவ்வாறு ஒரே பெயரும் ஒரே வடிவமும் கொண்ட பெடல்களில், சிலவற்றின் உடல் நேர் முனையாகவும் சிலவற்றின் உடல் எதிர் முனையாகவும் அமைந்தன. தனித்தனிப் பாட்டரியில் இயங்கும்வரை இதனால் தீங்கில்லை. ஓர் அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இரு வகைப் பெடல்களுக்கும் மின்சாரம் ஊட்ட முயன்றால், ஒன்றின் நேர் முனையும் மற்றதன் எதிர் முனையும் கித்தார்க் கம்பியின் வழியே இணைந்துவிடும். குறுக்குச் சுற்று ஏற்பட்டு அடாப்டரே சூடேறும். முன்னோர் செய்த ஒரு தேர்வு, அவர்கள் காணாத ஒரு பயன்பாட்டில் இடரிழைக்கும் விதம் இது.

பழைய பெடல்கள் உண்ட மின்சாரம் மிகச் சொற்பம். ஃபஸ் ஃபேஸ் போன்றது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்களவே உண்ணும். ஒரு பாட்டரி பல வாரங்களுக்குக் காணும். இன்னொரு விந்தை என்னவெனில், தேய்ந்துவரும் பாட்டரியையே விரும்பிய கலைஞர்களும் உண்டு. கார்பன்-துத்தநாகப் பாட்டரி முதுமையடையும்போது மின்னழுத்தம் படிப்படியாகத் தாழ்கிறது. உள்ளே தடை ஏறுகிறது. பலமாக மீட்டினால் கூரை சற்றே தாழ்ந்து, பிறகு மெல்ல எழும்புகிறது. அதனால் ஒலியில் ஒருவகைக் குழைவு பிறக்கிறது. புத்தம் புதிய பாட்டரியின் விறைப்பைவிட இதுவே சிறந்தது என்று கருதியவர்கள், அரைகுறையாகத் தீர்ந்த பாட்டரிகளைப் பாதுகாத்து வைத்தார்கள். இன்று சில மின்வழங்கிகளில், பாட்டரியின் தளர்ச்சியைப் போலியாக உண்டாக்கவே ஒரு திருகு அமைத்திருக்கிறார்கள். பழுதிலிருந்து பிறந்த கலை, முதுமையையும் ஒரு குணமாகப் போற்றியது பொருத்தமே.

எழுபதுகளில் இவ்வரலாற்றின் மையம் ஜப்பானுக்குப் பெயர்ந்தது. இக்குதாரோ காக்கெஹாஷி என்பவர் 1972-இல் ஒஸாகாவில் ரோலண்ட் கம்பெனியை நிறுவினார். அதன் கிளையான பாஸ் நிறுவனம் 1977 முதல், ஒரே அளவான சிறு பெடல்களை வரிசையாக வெளியிட்டது. மெல்ல மெல்லப் பெடல்களின் எண்ணிக்கை பெருகி, அவற்றின் பசியும் பெருகிற்று. ஒலியை எண்களாக மாற்றி எதிரொலிக்கச் செய்யும் பெடலை 1983-இல் பாஸ் கொண்டுவந்தபோது, அது பழைய ஃபஸ் பெடல்களைக் காட்டிலும் பல பத்து மடங்கு மின்சாரத்தை உண்டது. பாட்டரி சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சுவரிலிருந்து மின்சாரம் பெறும் அடாப்டர் இனி விலக்க முடியாத தேவையாயிற்று.

இங்கேதான், என் மருமகனைத் தடுமாற வைத்த அந்த நேர்-எதிர்க் குழப்பம் பிறக்கிறது. நம் வீடுகளிலுள்ள பெரும்பாலான சாதனங்களின் அடாப்டர் முனையில், நடுத்துளை நேர் முனையாகவும் வெளிப்புறம் எதிர் முனையாகவும் இருக்கும். கித்தார்ப் பெடலிலோ பெரும்பாலும் நடுவில் எதிர், வெளியில் நேர். வேண்டுமென்றே புரிந்த குறும்போ என்று தோன்றும். ஆனால் அதற்கொரு காரணம் இருக்கிறது.

பெடலுக்குத் தனியாக அணைப்பான் கிடையாது. கித்தார்க் கம்பியைச் செருகும் துளையே அணைப்பானாகவும் பயன்படுகிறது. கம்பியைச் செருகியதும் பாட்டரியின் எதிர் முனை பொது முனையோடு இணைந்து மின்சாரம் ஓடத் தொடங்கும், உருவினால் நின்றுவிடும். வாசித்து முடித்தபின் கம்பியைக் கழற்றாமல் விட்டால் பாட்டரி தீர்ந்துபோவது இதனால்தான். பாட்டரியின் எதிர் முனைக்கு இவ்வேலை வந்துவிட்டபடியால், அடாப்டர் வந்ததும் பாட்டரியை விலக்கும் வேலை நேர் முனைக்கு உரியதாயிற்று. அடாப்டர்த் துளையில், முனை நுழைந்ததும் தானே விலகும் தகடு வெளிப்புறத் தொடர்பிலேயே அமைந்திருந்தது. ஆகவே நேர் முனை வெளிப்புறத்துக்கு வந்தது. எதிர் முனை நடுவிற் சென்றது. இரண்டு சிறு வசதிகளை ஒரே பெட்டியில் அடக்கியதன் விளைவு இது. ஜப்பானியப் பெடல்கள் உலகெங்கும் பரவவே, பிறரும் அதனைப் பின்பற்றினர், வசதி விதியாயிற்று.

மற்றொரு சிக்கலும் அக்காலத்தில் தோன்றியது. தொடக்கத்தில் பாஸ் நிறுவனத்தார் தந்த அடாப்டர், பெயருக்கு 9 வோல்ட். சுமை குறைவாக இருக்கையில் அது 12 வோல்ட் அளவில் வெளியிட்டது. ஆகவே பெடலுக்குள்ளேயே ஒரு டையோடையும் ஒரு மின்தடையையும் வழியில் வைத்து, மிகுதியைக் குறைத்துக்கொண்டார்கள். பின்னர், துல்லியமாக 9 வோல்ட்டே தரும் அடாப்டர் வந்தது; புதிய பெடல்களில் அந்தத் தடுப்புகள் நீக்கப்பட்டன. ஆனால் பழைய பெடலில் புதிய அடாப்டரைச் செருகினால், அந்தத் தடுப்புகள் 9 வோல்ட்டையும் குறைத்துவிடும். விளக்கு மங்கும், ஒலி மெலியும். இதைச் சரிசெய்யப் பலர் பெடலின் அடித்தட்டைத் திறந்து, டையோடையும் மின்தடையையும் தாண்டிச் செல்லும்படி ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. பெடல் நன்றாக உழைக்கும். ஆனால் வெளியே ஒட்டிய சீட்டு மட்டும், பழைய அடாப்டரையே பயன்படுத்துக என்று தொடர்ந்து கூறிக்கொண்டிருக்கும்.

இன்னும் சிலர் கூரையை மேலும் உயர்த்த விழைகின்றனர். 9 வோல்ட்டுக்கு மாற்றாக 18 வோல்ட் ஊட்டினால் அலைக்கு இருமடங்கு இடம் கிடைக்கும், ஒலி தெளிவுறும். 1994-இல் பில் ஃபின்னெகன் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட 'க்ளான் செண்டார்' என்னும் பெடல், 9 வோல்ட்டை உள்வாங்கி, ஒரு சிறு சில்லின் உதவியால் உள்ளேயே 18 வோல்ட்டையும், எதிர்த்திசையில் 9 வோல்ட்டையும் தயாரித்துக்கொண்டது. இது திறம்பட்ட வேலை. ஆனால் அச்சில்லு பத்து வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்டால் தாங்காது. அதை அறியாதவர், அதிகம் கொடுத்தால் அதிகம் கிடைக்கும் என்றெண்ணி 12 அல்லது 18 வோல்ட் அடாப்டரைச் செருகினால் அது கருகும். அவ்வாறே, 16 வோல்ட் மட்டுமே தாங்கும் என்று பொறிக்கப்பட்ட கண்டென்ஸர் உள்ள பெடலுக்கு 18 வோல்ட் ஊட்டினால் அது வீங்கும், வெடித்தலும் கூடும். ஆகவே மாற்ற விழைபவர் முதலிற் செய்யவேண்டியது பெட்டியைத் திறந்து, உள்ளே உள்ளவற்றின் மீது எழுதியிருப்பதைப் படிப்பதுதான்.

இனி என் மருமகனின் பெடலுக்கு வருகிறேன். செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில், பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றோம். அவர் நான்கு திருகுகளைக் கழற்றி, அடித்தட்டை நீக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்று நோக்கினார். வைஃபை அடாப்டரை வாங்கி அதன் மீதிருந்த சிறு சித்திரத்தைக் காட்டினார். ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், ஒரு பக்கம் கூட்டற்குறி, மறுபக்கம் கழித்தற்குறி. பெடலின் மீதும் அதே சித்திரம். குறிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. இத்தனை ஆண்டுகள் குறிகளையும் சொற்களையும் பெயர்த்தே பிழைப்பு நடத்தும் நான், வீட்டிலிருந்த இந்தச் சித்திரத்தை ஒரு நாளும் படித்ததில்லை. நேர் முனை எதிர் முனையாக, 9 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் உள்ளே பாய்ந்திருக்கிறது.

பின்பு அவர் உள்ளே ஒரு துண்டுக் கம்பியைக் குறிப்பாற் சுட்டினார். முன்பு இதை வைத்திருந்தவர், நான் மேலே சொன்ன அந்த மாற்றத்தைச் செய்திருந்தார். வழியிலிருந்த டையோடு, மின்னழுத்தத்தைக் குறைப்பதற்காக மட்டும் அங்கே இருக்கவில்லை. மின்சாரம் தலைகீழாக வந்தால் மறிக்கும் கதவாகவும் அது இருந்தது. கம்பியை வைத்துத் தாண்டியபோது அந்தக் கதவும் திறந்துபோயிற்று. நல்லவேளையாக, இரு முனைகளுக்கும் குறுக்கே மற்றொரு சிறு டையோடு இருந்தது. தலைகீழாய் வந்த மின்சாரம் முழுவதையும் அது தன்மேல் வாங்கிக்கொண்டு கருகிவிட்டது. அது கருகியதாலேயே பிற பாகங்கள் தப்பின. ஒரு மிட்டாயின் விலைகூடப் பெறாத அந்தப் பாகத்தை மாற்றியதும் பெடலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

என் மருமகன் அந்தத் துண்டுக் கம்பியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டான். பெரியவர் தலையசைத்தார். எடுத்தால் பழைய அடாப்டர் வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. வைத்துக்கொண்டால் துல்லியமான 9 வோல்ட், நடுவில் எதிர் முனை உடைய அடாப்டர் மட்டுமே செருக வேண்டும். எது செய்தாலும் சரியே. ஆனால் செய்ததை எழுதி வைக்காமல் போவது மட்டும் சரியன்று என்பது அவருடைய தீர்ப்பு. முன்னவர் அரை வரி எழுதி ஒட்டியிருந்தால் எங்களுக்கு இந்த நடை மிச்சம் என்றார்.

அவர் கூறியது பெடலுக்கு மட்டும் உரியதன்று என எனக்குத் தோன்றிற்று. நாஷ்விலின் பழுது, லண்டனில் உயர்ந்த மின்னழுத்தம், வானொலிக்காகப் பிறந்த பாட்டரி, ஜப்பானில் இடம் மாறிய முனைகள் ஆகிய ஒவ்வொன்றும் அக்காலத்தில் தக்க காரணத்தோடு செய்யப்பட்டவையே. காரணம் மறைந்துபோய் அமைப்பு மட்டும் நம் கைக்கு வருகிறது. அக்காரணத்தை அறிந்து மாற்றுபவன் ஹர்ஸ்டைப்போல் புதியதொன்றைப் படைக்கிறான். அறியாமல் மாற்றுபவன் தனக்கில்லாவிடினும் தனக்குப் பின் வருபவனுக்குக் குழி பறித்துவிடுகிறான்.

அன்றிரவு என் மருமகன் ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினான். இந்தப் பெடலை அவனும் ஒருநாள் விற்கக்கூடும். இந்நகரில் அது எந்த மாநிலத்தார் கைக்குப் போகுமோ தெரியாது. ஆகவே உள்ளே செய்துள்ள மாற்றத்தையும், செருகவேண்டிய அடாப்டரையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதினோம். அந்தச் சித்திரத்தையும், நடுப்புள்ளியில் கழித்தற்குறி வருமாறு, அவனே வரைந்தான். அடித்தட்டின் உட்புறத்தில் ஒன்றும் வெளிப்புறத்தில் ஒன்றுமாக ஒட்டிவிட்டுத் திருகுகளை முடுக்கினான். பிறகு கடைக்குச் சென்று ஒரு 9 வோல்ட் பாட்டரி வாங்கி வந்தான்.